பரமக்குடி முத்துவேலன்

முன்னாடி மூணாவது சீட்டுல ஊதாச் சேலை கட்டிட்டு, தோள்ல குழந்தை சாஞ்சு தூங்குதே, அதுதானுங்க என் சம்சாரம். பேரு பிருந்தா. சேர்ந்தாப்ல சீட்டு கிடைக்கலை. கிடைச்சிருந்தாலும்... சரி, அதை விடுங்க. நீங்க காங்கேயம் வரைக்குமா? நல்லதாப் போச்சு. உங்களைப் பாத்தா நாலு பேருக்கு நியாயம் சொன்ன ஆளாட்டம் தெரியுது. நான் நடந்ததைச் சொல்றேன். யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்கண்ணா.

என் பேரு தனபால். கோயமுத்தூர்ல சாப்ட்வேர் வேலை. பத்துப் பன்னெண்டு வருசமா இதே வேலைதான். எனக்குக் கீழ ஒரு கூட்டமே வேலை பாக்குது. பிருந்தாவும் கம்ப்யூட்டர் படிச்சவதான். மகி பொறந்ததும் வேலையை விட்டுட்டா. நான் விடச் சொல்லலைங்க. அவளாத்தான் விட்டா. ரெண்டு பேரும் வேலைக்குப் போனா குழந்தையை யாரு பாக்கறதுன்னு நான் ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

இந்த ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தப்பதான் எல்லாம் ஆரம்பிச்சுது. மகியோட போன வருசத்து யூனிஃபார்ம் முட்டிக்கு மேல ஏறிப் போச்சு. துணி என்னமோ புதுசாத்தான் இருக்கு, ஆனா போட முடியாது. எங்க அபார்ட்மெண்ட்ல எல்லா வீட்டுலயும் இதே கதை. இவ என்ன யோசிச்சான்னா, சின்னதாப் போன யூனிஃபார்ம், ஷூ, மழைக்கோட்டு இதெல்லாம் எந்த வீட்டுல இருக்கு, என்ன அளவுன்னு போன்லயே பாத்து ஒருத்தருக்கொருத்தர் வாங்கிக்கிற மாதிரி ஒரு ஆப் செய்யணும்னு. என்கிட்ட வந்து, "ஏனுங்க, எப்படி ஆரம்பிக்கறதுன்னு சொல்லித் தர்றீங்களா?"ன்னு கேட்டா.

நான் சொல்லித் தர மாட்டேன்னு சொல்லலைங்கண்ணா. "முதல்ல அடிப்படையைப் படி. ஒரு ஆறு மாசம் ஒழுங்காப் படி. அப்புறம் உக்காந்து பேசலாம்"னேன். தப்பா? நான் அப்படிப் படிச்சு வந்தவன். மறுபடி ஒருநாள் கேட்டா. அன்னைக்கு மேட்ச் ஓடிட்டிருந்தது. அப்புறம் இன்னொரு நாள் கேட்டா, அன்னைக்கு எனக்கு மண்டையிடி. அதுக்கப்புறம் அவ கேக்கலை. சரி, ஆசை விட்டுப் போச்சுன்னு நினைச்சேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, "இங்க வாங்களேன்"னு கூப்பிட்டா. போய்ப் பாத்தா, லேப்டாப்புல ஆப் நிக்குது! பேர் பதியற பக்கம், உள்ள நுழையற பக்கம், படம் ஏத்தற இடம், போன்ல பாத்தா போனுக்குத் தகுந்த மாதிரி சுருங்குது. மேல 'சின்னதாப் போச்சு'ன்னு கொட்டை எழுத்துல பேரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. எப்படிடின்னா, "டெம்ப்ளேட்டுங்க"ங்கறா.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். வீடு கட்டறவங்களுக்கு யாரோ ஒருத்தர் கடைக்கால் எடுத்து, தூண் நிறுத்தி, தண்ணிக் குழாய், கரண்டு வயரெல்லாம் இழுத்து வச்சு, 'வாங்க, மேல உங்க இஷ்டத்துக்குக் கட்டிக்கங்க'ன்னு சும்மா கொடுத்தா எப்படி இருக்கும்? அந்த மாதிரி. இண்டர்நெட்டுல இறக்கிக்கலாம். ஆப் செய்யறவங்க எல்லாருக்கும் முதல் ஒரு மாசம் ஒரே வேலைதான், அதை யாரோ செஞ்சு வச்சிருப்பாங்க. இவ இறக்கினதுக்குப் பேரே 'கடைக்கால்'தான். செஞ்சவன் நாகர்கோவில்காரன். ஜெனிஷ்னு பேரு.

"இது நீ செஞ்சதில்லையே"ன்னேன்.

சிரிச்சா. "மாவு கடையில வாங்கினாலும் தோசையை நான்தானே சுடறேன்"னா.

எங்கம்மா ஒருநாளும் கடையில மாவு வாங்கினதில்லைன்னு சொன்னேன். அவ லேப்டாப்பை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். ஆனா அந்த டெம்ப்ளேட்டுக்குன்னு ஒரு பக்கம் இருக்குதுங்க. அதுல யாரு வேணா கேள்வி எழுதலாம், யாரு வேணா பதில் எழுதலாம், ஊரே படிக்கலாம். இவ அதுல கேள்வி எழுதறா. அவன் பதில் எழுதறான். தமிழ்லயே! 'அருமையான கேள்வி அக்கா'ங்கறான். 'நீங்க சொன்ன பிறகுதான் எனக்கே தெரிஞ்சது அக்கா'ங்கறான். அக்கான்னு எழுதிட்டா ஆச்சா? நான் அவன் போட்டோவை எடுத்துப் பாத்தேன். தாடி. பின்னாடி கடல். கடலுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தா எவனும் நல்லாத்தான் இருப்பான்.

அவன் எழுதின புரோகிராமை வரி வரியாப் பாத்தேன். எங்கயாச்சும் ஓட்டை இருக்கும்ல? ஆபீஸ்ல என் வேலையை ஒதுக்கிட்டு இதைத்தான் பாத்தேன். ஒரு இடத்துல ஒரு எழுத்துப் பிழை இருந்தது. காலையில இட்லி சாப்பிடறப்போ பிருந்தாகிட்ட சொன்னேன். "அப்படிங்களா, அவர்கிட்ட சொல்லிடறேன்"னு போய் எழுதிட்டா. அவன் நன்றி சொல்லித் திருத்திட்டான். என்ன ஆளுங்க அவன்? ஒரு ரோசம் வேண்டாம்?

சரின்னு நானே ஒரு டெம்ப்ளேட் செஞ்சேன். ஆமாங்க, பொண்டாட்டிக்காக. அவன் வச்சதை விடக் கூடுதலாவே எல்லாம் வச்சேன். லட்சம் பேர் ஒரே நேரத்துல வந்தாலும் தாங்கும். 'அஸ்திவாரம்'னு பேரு வச்சு அவகிட்ட கொடுத்தேன். அதை ஓட்டறதுக்கு முன்னாடி வேற சில சாமான்களை லேப்டாப்புல ஏத்தணும். அவளோடது பழைய லேப்டாப்பு, மூச்சு வாங்கிட்டு அப்படியே நின்னு போச்சு. அவ சாயந்திரம் பூரா முயற்சி பண்ணிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா எங்க ஆப்புக்கு லட்சம் பேர் வர மாட்டாங்க. எனக்கு இதுவே பழகிடுச்சு"ன்னா. நான் ராத்திரி பகலா செஞ்சது வேண்டாம், எவனோ நாகர்கோவில்காரன் செஞ்சது பழகிடுச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

நான் ஒரு காரியம் பண்ணேன். புதுசா ஒரு பேர்ல அந்தப் பக்கத்துக்குள்ள போனேன். முத்துவேலன், ஊர் பரமக்குடி. ஏன் பரமக்குடின்னா, எனக்கு அங்க யாரையும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. போய், 'உங்க கடைக்காலை இறக்கிப் பாத்தேன். ஓடவே இல்லை. சுத்தக் குப்பை'ன்னு எழுதினேன். அந்த ஜெனிஷ் கோவத்துல ஏதாச்சும் எழுதுவான், அதை இவ படிப்பா, அவன் லட்சணம் தெரிஞ்சுடும். அதுதான் கணக்கு.

அவன் எழுதறதுக்கு முன்னாடி பிருந்தா எழுதிட்டா.

'முத்துவேலன் சார், மனசு விட்டுடாதீங்க. எனக்கும் முதல் நாள் இப்படித்தான் ஆச்சு. மாதிரி ஃபைல்னு ஒண்ணு உள்ளயே இருக்கும். அதைக் காப்பி பண்ணிப் பேரை மாத்தி வைக்கணும், அதுலதான் ரகசியச் சாவி இருக்கு. அதைச் செய்யாம விட்டா ஓடாது. செஞ்சு பாத்துட்டு என்ன வருதுன்னு அப்படியே எழுதுங்க. நான் இருக்கேன்.'

'நான் இருக்கேன்'னு எழுதறாங்கண்ணா! குப்பைன்னு சொன்னவனுக்கு!

எனக்கு அந்த ஃபைலெல்லாம் தெரியாதா? தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் அவ சொன்னபடியே செஞ்சேன். ஓடுச்சு. 'ஓடுதுங்க மேடம்'னு எழுதினேன். 'சபாஷ் சார்!'னு பதில் வந்தது. நான் ரூமுக்குள்ள இருக்கேன், அவ ஹால்ல இருக்கா. அவ தட்டற சத்தம் கேக்குது. எழுதிட்டுத் தனியாச் சிரிச்சது கூடக் கேட்டுது. நான் எந்திரிச்சு ஹாலுக்குப் போனா, "சாப்பாடு மேசை மேல இருக்குங்க"ங்கறா, தலையை நிமித்தாம.

எங்க ஆபீஸ்ல இத்தனை வருசத்துல எனக்கு ஒருத்தன் சபாஷ் சொன்னதில்லை. அது வேற விசயம்.

அப்புறம் தினமும் ஏதாச்சும் கேப்பேன். சோதிக்கத்தான். முட்டாள்தனமாக் கேப்பேன், கேட்டதையே திருப்பிக் கேப்பேன். சலிச்சுக்கவே மாட்டா. அந்த முத்துவேலனுக்கு ஒரு வாழ்க்கையும் எழுதிக் கொடுத்தேன். ஜவுளிக்கடையில கணக்கு எழுதறவன், நாப்பது வயசுக்கு மேல கம்ப்யூட்டர் கத்துக்கறான், வீட்டுல சம்சாரம் கேலி பண்றா, இப்படி. அதுக்கு அவ எழுதறா: 'பண்ணட்டும் சார். முடிச்சுட்டுக் காட்டுங்க. எங்க வீட்டுலயும் இது நீ செஞ்சதில்லைன்னுதான் சொன்னாங்க. எனக்கும் ஒருநாள் முழுக்கக் கஷ்டமா இருந்தது.'

பாத்தீங்களா? முன்ன பின்ன தெரியாத ஆம்பளைகிட்ட என்னைப் பத்திக் குறை! என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, கஷ்டமா இருக்குன்னு? நான் என்ன, காது கேக்காதவனா?

இன்னொரு நாள் முத்துவேலன் கேட்டான், அதாவது நான்தான் கேட்டேன், 'மேடம், உங்க வீட்டுக்காரர் இதே துறைன்னீங்களே, அவர்கிட்ட கத்துக்கிட்டீங்களா?'ன்னு. அதுக்கு அவ, 'அவருக்கு எல்லாமே தெரியும் சார். கல்யாணமான புதுசுல பக்கத்துல உக்கார வச்சு எவ்வளவோ சொல்லித் தருவாரு. அவர் சொன்னா அவ்வளவு தெளிவா இருக்கும். இப்போ அவருக்கு நேரமில்லை'ன்னு எழுதியிருந்தா. இதைப் படிச்சுட்டு எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நல்ல விதமாத்தான் எழுதியிருக்கா, ஒத்துக்கறேன். ஆனா இந்த வார்த்தையை அவ என்கிட்ட சொல்லலையே! அவன்கிட்ட இல்ல சொல்றா! அவன் யாரு? ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை!

அன்னைக்குச் சாப்பிட உக்காந்தப்ப அவளே ஆரம்பிச்சா. "பரமக்குடியில ஒருத்தருங்க. பாவம், என்ன ஆர்வம் தெரியுமா? ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு இன்னைக்கு அவரே ஒரு பக்கம் செஞ்சுட்டாரு." சொல்றப்ப அவ மூஞ்சியைப் பாக்கணுமே. மகி பொறந்தப்ப அந்த மூஞ்சியைப் பாத்தது.

நான் தட்டைத் தள்ளி வச்சேன். "யாரவன்?"னேன்.

"முத்துவேலன்னு பேரு."

"ஊர் பேர் தெரியாத ஒருத்தன்கிட்ட உனக்கென்ன தினமும் பேச்சு? அவன் சொல்றதெல்லாம் பொய்யா இருந்தா?"

"இருக்கட்டுமே. அவர் கேக்கறாருங்க. நான் சொல்றதைக் கேக்கறாரு. அது ஒண்ணு போதும் எனக்கு."

"அவன் ஒரு ஃபிராடு. எனக்கு நல்லாத் தெரியும்"னு கத்தினேன். மகி பயந்து போய் அவ மடியில ஏறிட்டா. பிருந்தா என்னையே பாத்தா. "ஒருத்தரைத் தெரியாமயே எப்படிங்க இவ்வளவு வெறுக்க முடியுது உங்களால?"ன்னு கேட்டா. எனக்கா அவனைத் தெரியாது?

செப்டம்பர்ல ஆப்பைத் திறந்து வச்சாங்க. எங்க அபார்ட்மெண்ட் கீழ ஹால்ல, ஒரு சனிக்கிழமை. பொம்பளைங்க எல்லாம் துவைச்சு மடிச்ச யூனிஃபார்மோட வந்துட்டாங்க. பள்ளிக்கூடத்துலேருந்தும் டீச்சருங்க வந்திருந்தாங்க. பெரிய திரையில ஆப்பைக் காட்டறா. எல்லாரும் கை தட்டறாங்க. கடைசிப் பக்கத்துல நன்றின்னு போட்டிருக்கு. முதல் வரி, கடைக்கால் செஞ்சு கொடுத்த ஜெனிஷுக்கு. சரி, போகட்டும். ரெண்டாவது வரி: 'கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கே பாடத்தைப் புரிய வச்ச பரமக்குடி முத்துவேலன் அவர்களுக்கு.'

மூணாவது வரி இல்லைங்கண்ணா. நானும் கீழே கீழே தேடிப் பாத்தேன். பக்கம் முடிஞ்சு போச்சு.

அப்பப் பாத்து ரெண்டாவது மாடி சகுந்தலாக்கா, "தம்பி, நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுக்காமயா இவ்வளவும்?"னு கேட்டாங்க. நான் உள்ளதைச் சொன்னேன். "இதுல என் கை எதுவும் இல்லைங்கக்கா. இவளோடதும் இல்லை. அது நாகர்கோவில்காரன் செஞ்சு வச்சது. இவ பேரை மட்டும் மாத்தியிருக்கா"ன்னேன். கொஞ்சம் சத்தமா விழுந்துடுச்சு. ஹால்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பிருந்தா கையில ஒரு சின்னச் சட்டை வச்சிருந்தா. அதை மடிச்சா, பிரிச்சா, மறுபடி மடிச்சா. அவ்வளவுதான்.

பொய்யா சொன்னேன்? உண்மையைத்தானே சொன்னேன்?

அதுக்கப்புறம் வீட்டுல பேச்சு இல்லை. கேட்டா பதில், அதுவும் மகி மூலமா. முத்துவேலனுக்கு மட்டும் எழுதறா. 'கடைக்கால் வச்சு ஆப் செஞ்சவங்க எல்லாரும் திருச்சியில கூடறோம் சார். என்னையும் பேசச் சொல்லியிருக்காங்க. நீங்க கண்டிப்பா வரணும். உங்களை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தணும்'னு. முத்துவேலன் 'வர்றேன் மேடம்'னுட்டான். எனக்கு வேற என்ன எழுதறதுன்னு தெரியலை.

அதுக்குத்தான் இன்னைக்கு வந்தது. காலையில மகியைக் கூட்டிட்டு, "திருச்சி போயிட்டு வர்றேன்"னு சுவத்தைப் பாத்துச் சொல்லிட்டுக் கிளம்பிட்டா. நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன்.

ஒரு காலேஜ் ஹால். வாசல்லயே அந்த ஜெனிஷ் நிக்கறான். போட்டோவுல பாத்த மாதிரி இல்லை, குட்டையா, சட்டையில குழந்தை கக்கின கறையோட. இடுப்புல கைக்குழந்தை, பக்கத்துல அவன் சம்சாரம். "பிருந்தாக்கா வீட்டுக்காரரா! அந்த எழுத்துப் பிழையைக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே, அக்கா சொன்னாங்க. வாங்க வாங்க"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். அவனை வெறுக்கறதுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போச்சு.

உள்ள போனேன். பிருந்தா என்னைப் பாத்துட்டு எந்திரிச்சா. கண்ணு பெருசாச்சு. "நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை"ன்னா. சந்தோசமாத்தாங்க சொன்னா. சத்தியமா, அந்த ஒரு நிமிசம் எனக்கு எல்லாம் மறந்து போச்சு. அவ பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருந்தது, மேல அவ கைப்பை. அதை எடுத்துட்டு உக்காரப் போனேன்.

"அதுல வேண்டாங்க. அது முத்துவேலன் சாருக்கு வச்சிருக்கேன். நீங்க பின்னாடி உக்காருங்க, இடம் இருக்கு"ன்னா.

பின்னாடி உக்காந்தேன். எனக்கு நேர் முன்னாடி அந்தக் காலி நாற்காலி. அவ மேடையில போய் நல்லாப் பேசினா. யூனிஃபார்ம் கதையைச் சொன்னா, சிரிச்சாங்க. "முதல் ஒரு மாச வேலையை யாரோ முன்கூட்டியே செஞ்சு வச்சதாலதான் என்னை மாதிரி ஆளுங்க உள்ள வர முடிஞ்சது"ன்னா. எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டினாங்க, நானும் தட்டினேன். இறங்கி வந்து அந்த நாற்காலியைத்தான் முதல்ல பாத்தா. அப்புறம் வாசலைப் பாத்தா. சாப்பாட்டு நேரத்துல அவனுக்குன்னு ஒரு பொட்டலம் எடுத்து வச்சா. எனக்கு நானே வரிசையில நின்னு வாங்கிட்டேன்.

'எங்க சார் இருக்கீங்க? வழி தெரியலையா?'ன்னு எழுதறா. என் சட்டைப் பையில போன் அதிருது. நாலடி தூரத்துல நான் தயிர்சாதம் சாப்பிட்டுட்டு இருக்கேன்.

சொல்லியிருக்கலாம்னு நீங்க நினைக்கறது எனக்குத் தெரியுது. என்னன்னு சொல்றது? நான்தான் அவன்னா, அப்புறம் நானும் போச்சு, அவனும் போச்சு. என்னையாவது மிச்சம் வைக்கணும்ல?

அதனால முடிவெடுத்தேன். அவன் இருந்தாத்தானே இத்தனையும்? திருச்சி பஸ் ஸ்டாண்டுல இவங்களை உக்கார வச்சுட்டு, கக்கூஸ் போற வரிசையில நின்னுட்டே எழுதினேன். 'மேடம், என்னால வர முடியலை. இனி எதுக்கும் வர மாட்டேன். எங்க வீட்டுல இதெல்லாம் பிடிக்கலைன்னு ஒரே சண்டை. கம்ப்யூட்டரை வித்தாச்சு. நீங்க சொல்லிக் கொடுத்ததுக்கு நன்றி. முத்துவேலன்.' அனுப்பிட்டு, அந்தப் பக்கத்துல அவன் பேர்ல இருந்த கணக்கையே அழிச்சுட்டேன். ஆள் முடிஞ்சான். தலைமுழுகின மாதிரி இருந்துச்சு.

திரும்பி வந்தா, பெஞ்சுல உக்காந்து அழுதுட்டிருக்கா. சத்தமில்லாம, தோள் குலுங்கக் குலுங்க. மகி ஒண்ணும் புரியாம முறுக்கைக் கையில வச்சுட்டு நிக்குது. ஹால்ல அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிச் சொன்னப்பகூட இவ அழலைங்கண்ணா. நான் ஒருநாள் இல்லாமப் போனா இப்படி அழுவாளா? நீங்களே சொல்லுங்க.

என்னாச்சுன்னு கேட்டேன். போனைக் காட்டினா. நான் எழுதினதையே நான் முதல் தடவையாப் படிக்கிற மாதிரி படிச்சேன். அவ மூக்கை உறிஞ்சிட்டு, "அந்த மனுசன் என்னங்க பாவம் பண்ணாரு? ஒரு சின்ன ஆசைதானே? அதைக்கூடப் பொறுக்க முடியாம பண்ணியிருக்காங்களே, அவர் வீட்டுல இருக்கறது எப்படிப்பட்ட ஜென்மமோ"ன்னா.



"ஆமா, மோசமான ஜென்மந்தான்"னேன். சொல்லிட்டு, அவனுக்காக அழறவளுக்கு என் கர்சீப்பை எடுத்துக் கொடுத்தேன்.